ரீட் கொண்டுவந்த மூன்று இலைகள்

ரீட் பைனன்புர்க் எனக்கு ஆயிரத்து முந்நூற்று ஐம்பது கில்டர் கடன்பட்டிருந்தாள். இரண்டு சோடியம் விளக்கு, ஒரு காற்றாடி, பதினைந்து தொட்டி, நாலு மூட்டை மண். 1997 ஆகஸ்டில் கொடுத்தேன். சீட்டு எதுவும் எழுதவில்லை. டில்பர்க்கில் என் கடையில் யாருக்கும் சீட்டு எழுதிக் கொடுத்ததில்லை. என் தலைதான் பேரேடு. அது ஒருநாளும் தப்பியதில்லை.

என் பெயர் நோல் பிரேகல்மன்ஸ். பன்னிரண்டு வயதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கம்பளி ஆலையின் சாயப்பட்டறையில் நுழைந்தேன். பத்தொன்பது வருஷம் அந்த ஆவியில் வெந்தேன். மஞ்சளில் மட்டும் நாற்பது வகையை வெறும் கண்ணால் பிரித்துச் சொல்வேன். ஆலையை மூடியபோது மற்றவர்கள் அரசாங்கப் படிக்கு வரிசையில் நின்றார்கள். நான் கைக்கு வந்த பணத்தில் மீன்தொட்டிக் கடை போட்டேன். மீன் விற்றதைவிட விளக்கு அதிகம் விற்றது. ஏன் என்று யோசித்தேன், மீனை விட்டேன். ஐந்து வருஷத்தில் பக்கத்துக் கடையையும் வாங்கிச் சுவரை இடித்தேன். யாரும் எனக்கு ஒரு சென்ட் கொடுத்து உதவியதில்லை.

பலகையில் 'தோட்டச் சாமான்கள்' என்று எழுதியிருந்தது. தோட்டம் வைத்திருந்தவர்கள் யாரும் என்னிடம் வந்ததில்லை. ஆலை போன பிறகு எங்கள் தெருக்களில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டின் கூரையறையில் கஞ்சாச் செடி வளர்ந்தது. திருடர்கள் இல்லை, சாமி. நெய்தவர்கள், நூற்றவர்கள், அவர்களுடைய பெண்டாட்டிமார். கடையில் அந்தச் செடிக்குப் பெயர் 'தக்காளி'. இலை நோய் கண்டால் ரொட்டிப் பையில் ஒரு இலையைப் போட்டுக் கொண்டுவந்து கல்லாவில் வைப்பார்கள்.

"என் தக்காளிக்கு என்னமோ ஆயிருச்சு, நோல்."

நான் இலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மருந்து சொல்வேன். எந்த வீடு, எத்தனை செடி, எப்படி வளர்க்கிறாய் என்று நானும் கேட்கமாட்டேன், அவர்களும் சொல்லமாட்டார்கள். தெரியாததைப் போலீஸிடம் உளற முடியாது அல்லவா. ஒருதடவை நிஜமாகவே தக்காளி வளர்க்கும் ஒருவன் தக்காளி இலையோடு வந்துவிட்டான். கடையில் இருந்த ஆறு பேரும் வாயை மூடிக்கொண்டு அவனையே பார்த்தார்கள். அவன் திரும்ப வரவேயில்லை.

கேட்காமல் சொல்வதுதான் என் பெருமை. பல்கலைக்கழகத்துக்காரனுக்கு மண் வேண்டும், தண்ணீர் வேண்டும், நுண்ணோக்கி வேண்டும். எனக்கு ஒரு இலை போதும். அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ரீட் என் ஆலையிலேயே வேலை பார்த்தவள். நெய்து இறங்கிய துணியை மேசையில் விரித்து, விரலால் தடவித் தடவி முடிச்சு எடுக்கும் வேலை. கண்ணை மூடிக்கொண்டே பிழையைக் கண்டுபிடிப்பாள். புருஷன் சீக்கிரம் போய்ச் சேர்ந்தான். யோஸ் என்று ஒரே மகன். பத்தொன்பது வயதில், 1977-இல், கால்வாய்ப் பாலத்தின் பனியில் மொபெட் சறுக்கி அவனும் போனான்.

எங்கள் ஊரில் கல்லறை சொந்தமில்லை, குத்தகை. யோஸின் இருபது வருஷக் குத்தகை அந்த நவம்பரோடு முடிகிறது என்று பங்குக் கோயிலிலிருந்து கடிதம் வந்திருந்தது. மாதக் கடைசிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கில்டர் கட்டினால் இன்னும் பத்து வருஷம். கட்டாவிட்டால் தோண்டி, எலும்பைப் பொதுக்குழியில் போட்டுவிட்டு, இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். விதவைப் பணத்தில் அவளால் வாடகையும் எரிவாயுக் கட்டணமும்தான் சமாளிக்க முடிந்தது. அதனால்தான் அறுபத்தொரு வயதில் கூரையறையில் செடி வைத்தாள். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.

முதல் இலை செப்டம்பர் கடைசியில் வந்தது. அடிவரிசையின் முதிர்ந்த இலை. நரம்பெல்லாம் பச்சை, நரம்புக்கு நடுவே மஞ்சள்.

"என்ன, கம்பளிக்குச் சாயம் பார்க்குற மாதிரி பார்க்குற?" என்றாள் ரீட்.

"இது எலுமிச்சை மஞ்சள். மக்னீசியம் பத்தல. பேதியுப்பு வாங்கிட்டுப் போ, வாளிக்கு ஒரு கரண்டி."

"வயித்துக்குக் குடிக்கிற உப்பா? செடிக்கு வயித்தால போகாதா?"

"போனா நீ துடைச்சு விடு."

சிரித்துக்கொண்டே போனாள். அவள் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அதுதான்.

பத்து நாளில் இரண்டாவது இலை. மஞ்சள் மேலே ஏறியிருந்தது. கூடவே துருப்பிடித்த இரும்பில் இருப்பதுபோல் பழுப்புப் புள்ளிகள். புள்ளி என்றால் சுண்ணாம்புச் சத்துக் குறைவு. அறிகுறியை நான் படித்தது என்னவோ சரிதான். சுண்ணாம்புப் புட்டி ஒன்றைக் கொடுத்து, உரத்தையும் கூட்டச் சொன்னேன்.

"பூ வச்சிருச்சு, நோல். நவம்பருக்குள்ள முடிஞ்சிரும்ல?"

"செடிக்கு நாள்காட்டி தெரியாது."

"எனக்குத் தெரியும்" என்றாள்.

என்ன அவசரம் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம்.

மூன்றாவது இலையை அக்டோபர் பதினெட்டாம் தேதி வைத்தாள். நுனியெல்லாம் புகையிலைபோலக் கருகி, பருந்துக் கால்போல உள்ளே வளைந்திருந்தது. மஞ்சளும் உண்டு, புள்ளியும் உண்டு, கருகலும் உண்டு. பட்டினியும் அஜீரணமும் ஒரே வயிற்றில். நாற்பது மஞ்சள் தெரிந்த எனக்கு அதற்குப் பெயர் தெரியவில்லை. பின்னால் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சின்ன உபத்திரவம்தான். ஒரு வாரம் உரத்தை நிறுத்து" என்று சத்தமாகச் சொன்னேன்.

அது மருந்தில்லை என்று எனக்கே தெரியும். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் வழக்கத்தை உடைத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் முகம் வெளுத்தது.

"யாராவது பார்த்தாங்களா?"

"பூசைக்குப் போன கிழவன் காப்பி குடிக்க வந்தான்னு சொல்லு."

ஏணிப்படியில் ஏறினோம். அவள் வேலையில் குறை சொல்ல முடியாது. விளக்கு சரியான உயரம், காற்று ஓட்டம், தரையில் ஒரு சருகு இல்லை. பதினைந்து செடியும் வரிசையாக நின்று செத்துக்கொண்டிருந்தன. மூலையில் ஒரு நீலப் பீப்பாய். கூரை ஓடையிலிருந்து ஒரு குழாய் அதற்குள் இறங்கியிருந்தது.

"இது என்ன?"

"மழைத்தண்ணி. குழாய்த்தண்ணியில சுண்ணாம்பு. எங்கம்மா பூச்செடிக்கு வேற தண்ணி தொட்டதில்ல. நல்லதுன்னு பார்த்துப் பார்த்துப் பிடிச்சு வச்சேன்."

சாயப்பட்டறைப் பழக்கத்தில் என் பையில் எப்போதும் புளிப்புப் பார்க்கும் காகிதம் இருக்கும். தொட்டியின் அடியில் வடிந்த தண்ணீரில் நனைத்தேன். ஆரஞ்சாகி, சிவப்பை நெருங்கியது. கடும் புளிப்பு.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புதான் எங்கள் மண்ணின் புளிப்பை அடக்கி வைப்பது. மழைத்தண்ணீரில் அது கிடையாது. உரம் போடப் போட மண் புளித்துக்கொண்டே போகும். புளித்த மண்ணில் வேர் வாயைத் திறக்காது. பரிமாறியதெல்லாம் தட்டிலேயே கிடக்கும், உள்ளே இறங்காது. நான் ஊட்ட ஊட்ட அந்தச் செடிகள் பட்டினி கிடந்திருக்கின்றன. நான் கொடுத்த சுண்ணாம்புப் புட்டியிலும் சுண்ணாம்புச் சத்து உப்பாகத்தான் இருந்தது. புளிப்பை அது தொடாது. முதல் இலையோடு 'என்ன தண்ணி ஊத்துற?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள். நான் குழாய்த் தண்ணீரை ஊற்றச் சொல்லியிருப்பேன். ஒரு சென்ட் செலவில்லை.

அதையா சொன்னேன்? இல்லை.

"மழைத்தண்ணியா? எவளாவது ஊத்துவாளா? நீயே கொன்னுட்டியே, ரீட்" என்றேன்.

அவள் பீப்பாயின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே மாத்தினா பிழைக்குமா?"

"இலை பிழைக்கும். பூ தேறாது."

கீழே வந்து காப்பி ஊற்றிக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. யோஸின் படம் சுவரில் இருந்தது, அதன் சட்டத்தில் ஒரு உறை செருகியிருந்தது. பார்த்தேன். கேட்கவில்லை.

"உன் கடனுக்கு ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்குறியா?"

"மே வரைக்கும் எடுத்துக்கோ" என்று தாராளமாகச் சொன்னேன். நல்லவன் என்ற நினைப்போடு வீட்டுக்கு நடந்தேன்.

பதினைந்து செடியில் தொண்ணூறு கிராம் தேறியது, அதுவும் பஞ்சுபோல. வாங்குகிறவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு இருநூற்று எழுபது கில்டர் கொடுத்தானாம். ரீட் அதைக் கோயில் அலுவலகத்துக்குக் கொண்டுபோய், மிச்சத்துக்குத் தவணை கேட்டிருக்கிறாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம், ஆனால் விதி விதிதான் என்றாராம். கல்லறைத் திருநாளன்று யோஸுக்கு வைத்த சாமந்திச் செடியை நவம்பர் முப்பதாம் தேதி வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

இதையெல்லாம் ஜனவரியில்தான் கேள்விப்பட்டேன். அவள் பக்கத்து வீட்டு யானா கடைக்கு இலையோடு வந்தாள்.

"ரீட் ஏன் வரதில்ல?" என்றேன்.

"உனக்குத் தெரியாதா? புதன்கிழமை யோஸைத் தோண்டி எடுத்துட்டாங்க. வேலிக்கு வெளிய நின்னு பார்த்தா. கல்லை மட்டும் தள்ளுவண்டியில வச்சு வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கா. கொல்லையில சாத்தி வச்சிருக்கா." பிறகு யானா குரலைத் தாழ்த்தினாள். "மழைத்தண்ணிதான் காரணமாம். நான்தான் கெடுத்தேன், நான்தான் கெடுத்தேன்னு அதையே சொல்லிக்கிட்டிருக்கா."

யானாவின் இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிறம் எதுவும் தெரியவில்லை.

"என்ன தண்ணி ஊத்துற?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் நீ கேக்கமாட்டியே?"

"இப்ப கேக்குறேன்."

ஆயிரத்துத் தொள்ளாயிரம் கில்டர் அன்றைக்கு என் கல்லாவிலேயே இருந்தது. அக்டோபரிலும் இருந்தது. ரீட் வீட்டுப் பக்கம் போக எனக்குக் கால் வரவில்லை. வாசலில் நின்று என்ன சொல்வது? மூன்று மாதம் வேறு தெரு வழியாகப் போய் வந்தேன்.

ஏப்ரல் கடைசியில் அவளே கடைக்கு வந்தாள். இளைத்திருந்தாள். ரொட்டிப் பை இருந்தது, ஆனால் இலை இல்லை.

"குழாய்த்தண்ணி ஊத்தினேன். நல்லா வந்துச்சு. உன் கணக்கை முடிச்சிக்கலாம்."

"ரீட், வேண்டாம்."

"ஏன்?"

கடையில் வேறு ஆள் இல்லை. இருந்திருந்தால் அன்றும் சொல்லியிருக்கமாட்டேனோ என்னவோ.

"தப்பு உன்னோடதில்ல. முதல் இலை கொண்டுவந்தப்பவே நான் தண்ணியைக் கேட்டிருக்கணும். கேக்கல. வாரத்துக்கு வாரம் உரத்தை ஏத்தி நான்தான் கொன்னேன். கொன்னுட்டுப் பழியை உன் தலையில போட்டேன்."

அவள் வெகுநேரம் கல்லாவின் பலகையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள், துணியில் முடிச்சுத் தேடுகிறவள்போல.

"ஆறு மாசம், நோல்" என்றாள். "ஆறு மாசமா நான்தான் என் பிள்ளையைக் குழியிலருந்து கிளப்பிவிட்டேன்னு நெனச்சுத் தூங்காம கிடந்தேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கையை நீட்டு" என்றாள்.

"எப்படி வாங்குவேன்?"

"விளக்கு உன்னோடது. எரிஞ்சுது. அதுக்குக் காசு. மத்தது காசுல தீர்ற கணக்கில்ல. கையை நீட்டு."

நீட்டினேன். ரொட்டிப் பையிலிருந்து ஐம்பது கில்டர் நோட்டுகளை எடுத்தாள். எச்சில் தொடாமல், ஒவ்வொன்றையும் தடவி விரித்து, என் உள்ளங்கையில் வைத்து வாய்விட்டு எண்ணினாள். பத்தாவது நோட்டில் கையைக் கீழே இறக்கப் பார்த்தேன். தன் இடதுகையை அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு, இருபத்தேழு வரை எண்ணி முடித்தாள்.