அம்மாவின் பேச்சுத்துணை

ஈர மண்ணும் பச்சை ஏலக்காயும் கலந்து வரும் வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம், ஆனைக்கரைத் தோட்டத்தில் செடியின் "தூரு"க்கருகே குனிந்து காய் எடுத்தபடியே கடவுளோடு பேசிக்கொண்டிருந்த அம்மாவின் குரல் எனக்குக் கேட்கிறது. அதை ஜெபம் என்று சொல்ல முடியாது, வெறும் பேச்சுதான். "ஆண்டவரே, இந்தத் தூருல ஒண்ணுமில்ல, எலி தின்னுட்டுப் போயிட்டு பாத்தீரா" என்பாள். மழை இருட்டினால், "கொஞ்சம் பொறும் ராசா, இந்த நெரைய முடிச்சிருதேன்" என்பாள்.

அப்பா இறந்தபின், பள்ளி விடுமுறைகளில் என்னைத் தொழிலாளர் வரிசைவீடான "லயத்தில்" தனியே விட மனமின்றித் தோட்டத்துக்கே அழைத்துப் போவாள். அடுத்த செடி நிரையில் காய் எடுக்கும் பேச்சியம்மா அக்கா சீண்டுவார்: "ஏ ஞானப்பூ, ஒங்க ஆளு ஒரு கை காய் எடுக்காரா, இல்ல வெறும் பேச்சுத்தானா?"

"அவரு எடுத்தா கங்காணி அவரு பேருக்கும்லா எடை போடணும்!" என்று அம்மா சிரிப்பாள். காய்ச்சலிலும் பட்டினியிலும் அவள் முகம் வாடி நான் பார்த்ததில்லை. கேட்டால், "நான் தனியாவா கெடக்கேன்? கூடவே இருக்காருல்லா" என்பாள்.

ஞாயிறு பள்ளியில் நான் பரிசு வாங்கிய வருடம் அது. உடன் படித்தவர்கள் என்னைப் "பேச்சுக்காரி மவன்" என்று கேலி செய்ததில் எனக்கு வெட்கம். அந்த வெட்கத்தை மறைத்துக்கொண்டு, படித்தவனின் தோரணையில் அம்மாவிடம் சொன்னேன்: "எலிக்கும் மழைக்கும் ஆண்டவரக் கூப்புடுறது மரியாத இல்லம்மா. முக்காடு போட்டு, முழங்கால்ல நின்னு, ஜெபப் புத்தகத்துல இருக்க மாதிரிதான் பேசணும்."

பள்ளிக்கூடம் பார்த்தறியாத அம்மா அதை அப்படியே நம்பினாள். மறுநாள் அவள் நிரை அமைதியாக இருந்தது.

"ஏன்ட்டி, ஒங்க ஆள பஸ் ஏத்தி ஊருக்கு அனுப்பிட்டியா?" என்றார் பேச்சியம்மா அக்கா.

"இவன் படிச்சவன்லாக்கா. இத்தன நாளும் நான் மரியாத இல்லாமப் பேசிட்டனாம்." அம்மா சிரிக்கவில்லை.

மாலையில் முக்காடிட்டு முழங்காலில் நிற்பாள். "தேவரீர்" என்று தொடங்கி, அடுத்த சொல் கிடைக்காமல் எழுந்துவிடுவாள். ஒருநாள் தோட்டத்தில் தன்னை மறந்து, "ஐயோ ராசா, அட்டை கடிக்கதப் பாத்துக்கிட்டா நிக்கீரு!" என்று கூவியவள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சிரித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் முகம் சுளித்தேன்.

பிறகு ஒரு சாயங்காலம் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "முன்ன பக்கத்துலயே இருந்தாரு. இப்ப அவர எங்க போய்த் தேடன்னு தெரியலடா." நான் பாடம் படிப்பதுபோல் இருந்துவிட்டேன். அவள் இறக்கும்வரை, நான் சொன்னது தவறு என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை.

கல்லூரியில் கற்பித்தேன், திருச்சபைக் குழுக்களில் இருந்தேன், ஆலயத்தில் வேதபாடங்களைப் பிழையின்றி வாசித்தேன். அவளிடமிருந்து நான் பறித்த அந்த நெருக்கம் எனக்கு எங்கும் கிடைக்கவில்லை.

இப்போது குமுளியில் மகன் வீட்டில் இருக்கிறேன். ஆனைக்கரையில் எங்கள் லயம் நின்ற இடத்தில் சுற்றுலா விடுதி இருக்கிறது. காய் எடுப்பவர்கள் காலையில் கம்பத்திலிருந்து ஜீப்பில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். நிரைகளில் கைப்பேசி பாடுகிறது. அம்மாவின் குரலைப் போல் ஒன்று எந்த நிரையிலும் இல்லை.

சில மாதங்களுக்கு முன், பூண்டு உரித்துக்கொண்டிருந்தபோது, என்னை அறியாமல் வாய்விட்டுச் சொன்னேன்: "ஆண்டவரே, முட்டி வலிக்கு. அம்மாகிட்ட நான் சொன்னது தப்புன்னு சொல்லிரும்." பதில் ஏதும் வரவில்லை. ஆனால் அருகில் ஒருவர் அமர்ந்து கேட்பது போலிருந்தது. அதுமுதல் தினமும் பேசுகிறேன், பெரும்பாலும் சின்ன விஷயங்களை.

நேற்று மகன் அடுக்களை வாசலில் நின்று கேட்டான்: "யாருகிட்டப்பா பேசுறீங்க?"

"பக்கத்துல இருக்கவர்கிட்ட."

"சரிப்பா, பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தான்.

அன்று அம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.