பாதியில் எழுந்து வந்த படம்

என் அப்பா வாய்விட்டுச் சிரித்து நாலாவது படிக்கும்வரை நான் பார்த்ததில்லை. கோபக்காரர் என்று சொல்ல முடியாது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பிட்டராக இருந்தார். நாளெல்லாம் மிஷின் இரைச்சலில் நின்றுவிட்டு வருகிற மனுசனுக்கு வீட்டில் சத்தம் ஆகாது என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். அதனால் அவர் வந்ததும் ரேடியோவை அணைப்போம், தட்டைக்கூட மெதுவாகத்தான் வைப்போம். தெருவில் அவருக்கு நல்ல பெயர். கெட்ட வார்த்தை தெரியாத ஆள் என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அவருக்கு ஒரே ஒரு கூட்டாளி. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். இருவரும் ஒரே நாளில் மில்லில் சேர்ந்தவர்கள், ஒரே ஷிப்ட். அம்மா அவரை அண்ணே என்று கூப்பிட்டதால் எனக்கு அவர் மாமா, அவர் சம்சாரம் அத்தை. வேறு உறவு எதுவும் கிடையாது. மாமா எங்கள் வீட்டில் காப்பி குடிக்காமல் ஊருக்கு பஸ் ஏறமாட்டார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். ஒருத்தர் பேச வேண்டும், இன்னொருத்தர் கேட்க வேண்டும், சிநேகிதம் என்றால் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் நாலாவது படிக்கும்போது, தீபாவளி லீவில், மாமா எங்களைப் படத்துக்குக் கூப்பிட்டார். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு, சாப்பிட்டதும் மேட்னி. மதுரையில் ஓடி முடித்து எங்கள் பக்கம் வந்திருந்த படம். போஸ்டரில் இரண்டு ஆண்கள் ஒரே சைக்கிளில், ஒரே குடைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். "கூட்டாளிக கதை மாப்ள. நம்மளப் பாத்துத்தான் எடுத்திருக்கான்" என்றார் மாமா. அந்தக் குடையைப் பார்த்து அப்பாவும் சம்மதித்துவிட்டார்.

மாமா ஊர்த் தியேட்டரில் பெண்களுக்குத் தனிப் பகுதி. நடுவில் இடுப்புயரச் சுவர். அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் பெஞ்சின்மேல் ஏறி நின்றால் சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் தலை தெரியும். நான் திரையைப் பாதியும் அப்பாவைப் பாதியுமாகப் பார்த்தேன்.

கதையில் இரண்டு பேரும் ஊர் ஊராகப் போய் பம்ப்செட் ரிப்பேர் பார்ப்பவர்கள். ஒரே அறை, ஒரே நல்ல சட்டை. ஒருவன் வெளியே போனால் மற்றவன் பனியனோடு கிடப்பான். அதுவரைக்கும் அப்பா நன்றாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு பண்ணையார் வீட்டுத் தோட்டத்துக்குப் போகிறார்கள். பண்ணையாருக்கு வயது அதிகம், மனைவி சின்னப்பெண். மோட்டார் சத்தம் மட்டும் போடுகிறது, தண்ணீர் ஏறமாட்டேன் என்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். உடனே ஆண்கள் பக்கம் விசில் கூரையைப் பிய்த்தது. இந்தப் பக்கம் பெண்கள் எல்லோரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவின் தோள் குலுங்கியது. மாமா அப்பாவின் தொடையில் ஓங்கி அடித்துச் சிரித்தார். அப்பா மட்டும் ஸ்டூடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி அசையாமல் இருந்தார்.

மகாராஜபுரத்தில் என் தாத்தாவுக்குக் கொஞ்சம் வயல் உண்டு. அங்கிருந்த மோட்டாரும் அப்படித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்கு வருத்தமாக இருந்தது. விசில் அடங்கிய நேரம் பார்த்து, அம்மாவிடம் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "நம்ம தாத்தா மோட்டாரும் இப்படித்தானம்மா. எம்புட்டு சத்தம் போட்டாலும் தண்ணி ஏறாது."

படத்துக்குக் கிடைக்காத சிரிப்பு எனக்குக் கிடைத்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ, "பிள்ள வெவரமா இருக்கே" என்றார்கள். அப்பா திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்த்து நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இடைவேளை மணி அடித்ததும் பெண்கள் பக்கத்து வாசலில் அப்பா நின்றார். கெளம்பு என்று ஒரே வார்த்தைதான். மாமா கையில் முறுக்குப் பொட்டலத்தோடு பின்னாலேயே வந்தார்.

"இனிமேதான் மாப்ள கதையே. செத்த நேரம் பொறு."

"பொம்பளப் பிள்ளைய வச்சுக்கிட்டுப் பாக்குற படமாய்யா இது? பாத்துட்டுத்தான் கூப்பிட்டியா, பாக்காமக் கூப்பிட்டியா?"

"பாத்தேன். ரெண்டு தடவ பாத்தேன். கடைசியில எனக்கு அழுகையே வந்திருச்சு." மாமா அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "இதுல என்ன புதுசா இருக்கு? நாம பேசாததா?"

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். அம்மா அத்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பின்னால் வந்தாள். மாமா பொட்டலத்தை நீட்டியபடியே நின்றிருந்தார்.

எனக்கு மீதிக் கதை தெரிந்தாக வேண்டும். அந்தப் படம் சில நாளில் எங்கள் ஊருக்கும் வந்தது. தெருவில் பாதிப்பேர் பார்த்தார்கள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். பக்கத்து வீட்டு வாத்தியார், இந்த மாதிரிப் படத்தை எடுக்கிறவனை உள்ளே தூக்கிப் போட வேண்டும் என்றார். கதையையும் முழுசாகச் சொன்னார். டெய்லர் கடை அண்ணன், இதைவிட நல்ல படம் வந்ததே இல்லை என்றார். ஆனால் முடிவு என்ன என்று கேட்டால் ஞாபகம் இல்லை. எதிர்வீட்டு அக்காவோ, ஒருவனுக்குக் காய்ச்சல் வந்தபோது மற்றவன் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டதைச் சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினாள். பேச்சு கொஞ்சம் மோசம்தான், மனசு தங்கம் என்றாள். மூன்று பேரும் பார்த்தது ஒரே படம்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது.

மாமா எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஷிப்டையும் மாற்றிக்கொண்டதாகக் கேள்விப்பட்டோம். அப்பா வேலைவிட்டு வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரேடியோவை அணைக்கப் போனால், "கெடக்கட்டும், ஓடட்டும்" என்பார். வீட்டில் அவருக்குச் சத்தம் தேவைப்பட்டது அந்த நாட்களில்தான்.

ஒருநாள் அம்மா பொறுக்கமுடியாமல் கேட்டுவிட்டாள்.

"அண்ணன் சிரிச்சது குத்தமுன்னு பேச்ச விட்டுட்டீக. நானுந்தான் சிரிச்சேன். என்னைய என்ன செய்யப் போறீக?"

"நீ சிரிச்சியா?"

"சிரிப்பு வந்துச்சு, சிரிச்சேன்."

அப்பா அம்மாவையே பார்த்தார். கல்யாணமாகிப் பத்து வருசம் கழித்து யாரோ புது ஆளைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை, அப்பா வேலைக்குப் போன பிறகு, அத்தை தனியாக பஸ் ஏறி வந்தாள். அடுப்படியில் இருவரும் முருங்கைக்கீரை உருவியபடி பேசினார்கள். மாமா வீட்டில் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். ஷிப்ட் மாறியதில் கூடப் பேச ஆள் இல்லையாம். பேச்சு மறுபடி படத்துக்கு வந்தது. அத்தைக்கும் அதன்மேல் கோபம்தான், ஆனால் வேறு கோபம்.

"அசிங்கமாப் பேசுனா பேசிட்டுப் போறானுக மதினி. பொண்டாட்டி வந்துட்டா கூட்டாளிக பிரிஞ்சிருவாகன்னு காட்டுறான் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல. இங்க என்ன நடக்குது? அவிய ரெண்டு பேரும் தானாப் பிரிஞ்சு நிக்காக, சேத்து வைக்க நாமதான் கெடந்து அல்லாடுறோம்."

கீரை முடிவதற்குள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

கார்த்திகை மாதம். மலையில் மழை பெய்து அய்யனார் கோவில் ஆற்றில் நல்ல தண்ணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொங்கல் வைக்க வேண்டுதல் இருக்கிறது என்று அம்மா அப்பாவைக் கிளப்பினாள். அதே வேண்டுதல் அதே நாளில் அத்தைக்கும் இருந்தது. கோவிலுக்குக் கீழே ஆற்றங்கரையில் இரண்டு குடும்பமும் நேருக்கு நேர் வந்தபோது அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா விறகு பொறுக்கப் போய்விட்டாள்.

அடுப்புக்கு இன்னும் இரண்டு கல் வேண்டுமென்றாள் அத்தை. அப்பா ஒரு கல்லைத் தூக்கி வந்தார், மாமா ஒரு கல்லைத் தூக்கி வந்தார். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கவில்லை. இருவரும் குனிந்து, பேசாமலேயே ஒன்றைத் திருப்பி, ஒன்றைத் தட்டி, பானை ஆடாமல் நிற்கும்படி செய்தார்கள். மில்லில் மிஷினுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்கள்போல. பிறகு துண்டைக் கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு பக்கமாக ஒதுங்கி, பக்கத்திலிருந்த அருவியில் குளிக்கப் போனார்கள்.

நாங்கள் கொஞ்சம் தள்ளிப் பாறையில் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விழுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்கவில்லை. முதலில் இருவருக்கும் நடுவே நான்கு ஆள் நிற்கிற இடம் இருந்தது. மற்றவர்கள் வர வர நெருக்கிக்கொண்டு போய், கடைசியில் தோளோடு தோள் இடித்தது. மாமா அசையவில்லை. அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு மாமாவின் காதருகே வாயைக் கொண்டுபோய் ஏதோ சொன்னார்.

மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார். நிமிர்ந்து பதிலுக்கு ஏதோ சொன்னார். அப்பா பாறையில் கையை ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து, தண்ணீர் உள்ளே போவதுகூடத் தெரியாமல் சிரித்தார். அவருக்குக் கடைவாயில் ஒரு பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

என்ன சொன்னார் என்று கேட்க எழுந்து ஓடினேன். அம்மா கவுனைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"நீ அங்க போக வேண்டாம்."

"அப்பா மன்னிப்புக் கேட்டாரா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்" என்றாள் அத்தை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பாவும் மாமாவும் ஒரே சீட்டில் உட்கார்ந்தார்கள். அப்பா பழையபடி தெருவுக்குத் தெரிந்த அப்பாவாகியிருந்தார், தலை வகிடெடுத்து, சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டு. நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, மாமாவிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மில்லு விசயம் பாப்பா. உனக்குப் புரியாது."

மாமா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டார். முன் சீட்டில் அம்மாவும் அத்தையும் குலுங்கிக்கொண்டிருந்தார்கள். நூலும் பஞ்சுமாக இருக்கிற இடத்தில் இவ்வளவு சிரிப்பு இருக்கிறது என்பதை ஏன் யாரும் எனக்கு இதுவரை சொல்லவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஊர் வந்து சேர்வதற்குள் முடிவு செய்துவிட்டேன், பெரியவளானதும், இதுவரை நினைத்திருந்தபடி டீச்சர் வேலைக்குப் போகப்போவதில்லை, மில்லுக்குத்தான் போக வேண்டும் என்று.