துத்தம் போடுவதற்கு முன்

அந்த வருடம் மழை பொய்த்தது. கோடையில் எங்கள் காட்டில் ஒரு மணி தானியம் இல்லை. நிலம் வைத்துப் பிழைத்த குடும்பம் நாங்கள். வேறு வழியில்லாமல், வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டும் வேலையை வாங்கிவந்தேன். பசை காய்ச்சக் கம்பெனியிலேயே மாவு கொடுப்பார்கள். யாரும் தின்றுவிடக் கூடாது என்று, அதில் மயில்துத்தம் என்ற விஷத்தைக் கலக்கச் சொல்வார்கள். கலப்பதற்கு முன் மற்ற வீடுகளில் பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வைப்பார்கள். நான் எடுக்கமாட்டேன்.

என் நாலு வயது மகள் செல்லம்மா கொதிக்கும் மாவையே பார்த்தபடி அடுப்போரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டு மாரியக்காவுக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளைக்கு ஒரு கரண்டி எடுத்து வையிடி. உன் கவுரவத்த உப்புப் போட்டா திம்பா அவ?”

“பசைக்குக் குடுத்த மாவுல வயிறு வளக்குற குடும்பமில்லக்கா நாங்க.”

“ஒன்னைய யாரு கேட்டா? ஏத்தா செல்லம்மா, பசிக்குதா?”

செல்லம்மா என் முகத்தைப் பார்த்தாள். எச்சிலை விழுங்கிக்கொண்டாள்.

“பசிக்கல பெரியம்மா.”

எனக்குப் பெருமையாக இருந்தது. துத்தத்தைப் போட்டுக் கிண்டினேன். மாவு நீலமாக மாறியது.

அந்தக் கோடையிலேயே செல்லம்மா காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். காய்ச்சலைத் தாங்க உடம்பில் தெம்பில்லை என்றார் வைத்தியர். அடுத்த வருடம் மழை பெய்து, வீடு கொள்ளாமல் கம்பு விளைந்தது.

பசிக்கவில்லை என்று அவள் சொன்னது பொய். அது அப்போதே எனக்குத் தெரியும்.