அடுத்த பாலத்தில் தகைவிலான்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் தாராவியில் எங்கள் ஒற்றை அறைக்குள் உலகச் செய்திகள் எல்லாம் என் வழியாகத்தான் நுழைந்தன. சாயங்காலம் பாடத்தைச் சத்தம்போட்டு வாசிப்பேன். அம்மாவும், எங்களோடு இருந்த அவள் தம்பியும் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் பாடத்தில் தகைவிலான் குருவி வந்தது. பாலத்துக்கு அடியில் ஈரமண்ணை அலகில் கொண்டுவந்து, கூட்டமாகக் கூடு கட்டும் என்று வாசித்தேன்.

டெம்போ ஓட்டும் மாமாவுக்குத் தெரியாத பாலம் உண்டா? கல்யாண் தாண்டி முர்பாடு போகிற வழியில் பார்த்திருப்பதாகச் சொன்னார். "அவன் வாய்க்குப் பிரேக் கிடையாதுட்டி," என்றாள் அம்மா. நான் காதில் வாங்கவில்லை. மறுநாளே வகுப்பில் சொல்லிவிட்டேன். காக்காயும் புறாவும் தவிர எதையும் பார்த்திராத தோழிகள் சிரித்தார்கள். டீச்சர் மட்டும், போய்ப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை வந்து எல்லோருக்கும் சொல் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் டெம்போவில் கிளம்பினோம். வழக்கத்துக்கு மாறாக மாமா பாட்டுப் போடவில்லை. முதல் பாலத்தடியில் புறாக்கள். அடுத்ததில் எருமைகள். ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்த்துவிட்டு, "இது இல்லட்டி, அடுத்தது," என்பார். வயலில் நின்ற ஒருவரிடம் மராத்தியில் நெடுநேரம் விசாரித்தார். வழி தெரிந்தவர் எதற்கு விசாரிக்கிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அம்மா மாமாவின் காதில் ஏதோ முணுமுணுத்தாள். அவர் முகம் சுருங்கியது. பசி என்று நினைத்து முறுக்கை நீட்டினேன்.

வெயில் ஏறிய பிறகு ஒரு சின்ன ஓடைப்பாலம் வந்தது. இறங்கிய மாமா உடனே மேலே வரவில்லை. நான் சறுக்கிக்கொண்டு கீழே ஓடினேன். பாலத்தின் அடிப்பக்கம் முழுக்க மண்கூடுகள், வாய் குறுகிய சின்னக் கலயங்களை நெருக்கி அடுக்கியதுபோல. எங்கள் சந்து வீடுகளைவிட நெருக்கமான வீடுகளை அன்றுதான் பார்த்தேன். அலகில் சேற்றோடு குருவிகள் தலையை உரசாத குறையாக வந்து உள்ளே நுழைந்தன.

மாமா செருப்பைக் கழற்றியிருந்தார். இரண்டு கைகளும் தலைக்குமேல் கூப்பியிருந்தன.

"கும்பிடணுமா மாமா?"

"ஆமாட்டி," என்றார். "நல்லாக் கும்பிட்டுக்கோ."

நானும் செருப்பைக் கழற்றினேன்.

அம்மா நம்பாமல் தானே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள். "புளுகினவனுக்குப் போயி கூடு கட்டி வச்சிருக்கு பாரு," என்று தம்பியின் முதுகில் ஒன்று வைத்தாள். கல்யாண் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். குருவியைப் பார்த்த சந்தோஷம் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

திங்கட்கிழமை கரும்பலகையில் பாலத்தை வரைந்து, கூடுகளை விளக்கினேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. தகைவிலானைக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைக்குமேல் கை கூப்ப வேண்டும் என்பதையும் கடைசியில் சொல்லிக்கொடுத்தேன். அது புத்தகத்தில் இல்லையே என்றார் டீச்சர்.

புத்தகம் எழுதியவர் நேரில் போய்ப் பார்த்திருக்க மாட்டார் என்றேன்.