கடற்கரையில் அக்காவின் முகம்

சங்கை முதலில் காதில் வைத்துக் கேட்டவள் நான்தான். இதை இன்றைக்கும் எந்தச் சபையிலும் சொல்வேன். கன்னியாகுமரியில் அப்பா நடத்திய சிப்பிக்கடைக்கு ஒரு சிற்பி வந்த நேரம், அக்கா அதை என்னிடமிருந்து பிடுங்கித் தன் காதில் வைத்திருந்தாள். "பிள்ளே, அனங்காம அப்படியே நில்லு," என்று நாலு பக்கமும் படம் எடுத்தார் அவர். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார், நிழல் விழுகிறதாம்.

கடலோர நடைபாதை நெடுக அந்த ஆண்டு சிலைகள் வைத்தார்கள். வலை இழுப்பவர், கருங்கல் ஆமை, நடுவில் சங்கும் காதுமாக அக்கா. அதே மூக்கு, அதே அசட்டுச் சிரிப்பு. வந்தவர்களெல்லாம் சிலையின் தோளில் கைபோட்டு செல்ஃபி எடுத்தார்கள். பள்ளி விட்டதும் அக்கா அங்கே போய்த் தற்செயலாக நிற்பாள், யாராவது "நீதானா?" என்று கேட்கும்வரை நிற்பாள். எனக்குப் பெயரே போய்விட்டது. "சிலைக்க தங்கச்சி" என்றார்கள்.

எனக்கு வயது ஒன்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிவெயிலில், ஆளில்லாத நேரம் பார்த்து, பூஜை அலமாரியிலிருந்த மஞ்சளையும் குங்குமத்தையும் அள்ளிப்போய் அந்த முகம் தெரியாதபடி அப்பிவிட்டேன். கரியைத்தான் பூசியிருக்க வேண்டும். கேஸ் அடுப்பு வீட்டில் கரிக்கு எங்கே போவது?

அஸ்தமனம் பார்க்க வந்த ஓர் அம்மாள் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். கையில் சங்கு, முகத்தில் குங்குமம், ஊரோ குமரி அம்மனின் ஊர். அரைமணி நேரத்தில் செவ்வரளி மாலை விழுந்தது, கற்பூரம் எரிந்தது. தோளில் கைபோடப் போன பையனை நாலு பேர் அதட்டி விரட்டினார்கள்.

செய்தி கேட்டு அம்மா எங்களை இழுத்துக்கொண்டு ஓடினாள். அது யார் முகம் என்பது பெற்றவளுக்கே மறந்துபோயிருந்தது. காலடிக் குங்குமத்தை எடுத்து என் நெற்றியில் பூசி, "கும்பிடுட்டி, புத்தி வரட்டும்," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைக் கும்பிட்டேன்.

அக்கா என் பக்கம் குனிந்து, "ஏட்டி, அது நான்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நீயா? மூஞ்சியப் பாரு. அது தேவியாக்கும்!"

ஜெயித்துவிட்டேன். இனி முடியைப் பிடித்து இழுப்பாள் என்று தயாராக நின்றேன். பின்னாலிருந்து யாரோ, "வழி விடு பிள்ளே," என்று அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார்கள். அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் கைகூப்பினாள். அது ஏன் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.