அப்பா என் காலேஜுக்கு வந்த நாள்

நான் பிளஸ் டூ முடித்த வருடம் ஒரு நாள், எங்கள் குலதெய்வக் கோயிலில் அம்மாவும் நானும் இருந்தோம். ராசு மாமாவும் பூசாரியும் இருந்தார்கள். அப்பா இல்லை. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு அவர் வடக்கே எங்கோ இருந்தார். "கோயில்ல ஆத்தா எந்தக் காலேசச் சொல்றாளோ அதுல சேத்துருங்க" என்று போனில் சொன்னதோடு சரி.

எங்கள் ஊர் நாமகிரிப்பேட்டைக்குப் பக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்தான். என் மார்க்குக்கு இரண்டு இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்கும்போல இருந்தது. ஒன்று பெயர் பெற்ற பெரிய காலேஜ். இன்னொன்று வாழப்பாடிப் பக்கம், மரவள்ளிக் காட்டுக்கு நடுவே இருக்கும் சின்னக் காலேஜ். விசாரித்த இடத்தில் எல்லாம் சின்னதைக் கேவலமாகத்தான் சொன்னார்கள். கடைசியில், நம் வழக்கப்படி பூ கேட்டுவிடலாம் என்று போனோம். பெரிய காலேஜுக்கு வெள்ளைப் பூ, சின்னதுக்குச் சிவப்பு. இலையில் மடித்து அம்மன் முன்னால் வைத்தார் பூசாரி. அம்மா எடுத்த பொட்டலத்தில் சிவப்பு அரளி இருந்தது.

மாமாவுக்கு முகம் செத்துப்போனது. "ஏனுங்க பூசாரி, இன்னொருக்கா கேட்டுப் பாக்கலாமுங்களா? அக்காளுக்குக் கை நடுங்கிப்போச்சு."

"கை நடுங்குனது உங்க அக்காளுக்கு. சொன்னது ஆத்தாளுங்க. மறுக்கா கேட்டா அவளுக்கே பரிச்சை வெக்கற மாதிரி."

வெளியே வந்ததும் மாமா என் தோளில் தட்டினார். "மாப்ள, உங்க ஆத்தாளுக்குப் பிளேஸ்மென்ட்னா என்னன்னே தெரியாதாட்டம் இருக்குது." அவருடைய குலதெய்வம் வேறு. அதனால் அவர் சிரிக்க முடிந்தது. என்னால் முடியவில்லை.

சேர்ந்த பிறகு பார்த்தால், ஊர் சொன்னதில் பாதி உண்மை. இரண்டாவது கட்டடத்தின் மேல்மாடி பூசாமல் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும். லேத் மிஷின்களில் ஓடுவது ஒன்றுதான். நன்றாகப் பாடம் எடுக்கும் சார்கள் அடுத்த வருடம் வேறு காலேஜுக்குப் போய்விடுவார்கள். கல்யாண வீடுகளில் என் காலேஜ் பெயரைச் சொன்னால் சிரிப்புதான். "அங்கயா? பஸ்ஸ்டாண்டுல சும்மா நின்னாலே புடிச்சுட்டுப் போயிச் சேத்திக்குவாங்களாமா!" டவுனுக்கு வந்து அஸ்தம்பட்டியில் பஸ் இறங்கினால் என் அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வேன். அம்மன் மேல் கோபம். இரண்டு திருவிழாவுக்கு நான் கோயில் பக்கமே போகவில்லை.

நான்காம் வருடம், தை மாதம், அப்பா திரும்பி வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். பாறைத் தூசு நுரையீரல் முழுக்கப் படிந்துவிட்டது என்றார் டாக்டர். இனி சரி செய்ய முடியாது என்பதை என்னிடம் தனியாகச் சொன்னார். வீட்டுக்கே ஆக்ஸிஜன் சிலிண்டர் வந்தது. ஒரு நாள் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ற காலேச ஒருக்கா பாக்கோணுஞ் சாமி" என்றார்.

பிள்ளை படிக்க வேண்டும் என்று தூசியைத் தின்றவர். அந்தப் பூசாத மாடியை அவருக்கு எப்படிக் காட்டுவது?

அடுத்த வெள்ளிக்கிழமை போவதாக முடிவு செய்தோம். அன்று விடியும்போதே அவருக்கு மூச்சு இழுத்தது. உதடு நீலமாகிவிட்டது. "வேண்டாஞ் சாமி, எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம்" என்று அம்மா அழுதார். நான் அம்மன் படத்துக்கு முன்னால் போய் விழுந்தேன். வேறு யார் இருக்கிறார்கள்? "ஆத்தா, உன்கூட நான் பேசியே ரொம்ப நாளாச்சு. இன்னைக்கு ஒரு நாள் அவருக்கு மூச்சக் குடு. அந்த எடத்தப் பாத்து அவரு மனசு ஒடையாமப் பாத்துக்க." இவ்வளவுதான் கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. புதிதாக மருந்து எதுவும் கொடுக்கவில்லை. அப்பாவே எழுந்து உட்கார்ந்து, "சட்டையப் போட்டு உடு" என்றார்.

பக்கத்து வீட்டு வேனில் போனோம். கேட்டில் வாட்ச்மேன், "யாரு கார்த்தி, அப்பாவுங்களா?" என்று ஓடி வந்து கதவைத் திறந்தார். கேன்டீன் அக்கா டீயோடு வந்தார். "கார்த்தி, அப்பாவாச்சும் இந்த டீயக் குடிப்பாரா, இல்ல உன்னையாட்டம் நொட்டை சொல்லுவாரா?" அப்பா சிரித்தார். என் வகுப்புப் பையன்கள் நாற்காலியோடு அவரைத் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனார்கள். சிலிண்டரை ஒருவன் தோளில் சுமந்தான். பாடம் நடத்திக்கொண்டிருந்த சார் நிறுத்திவிட்டு, "கார்த்தியோட அப்பா, வாங்க, உட்காருங்க" என்று கைகூப்பினார். முன் பெஞ்சுக்குப் பக்கத்தில் அந்த வகுப்பு முடியும்வரை அப்பா இருந்தார். ஜன்னலுக்கு வெளியே கம்பிகள் நீட்டிக்கொண்டுதான் இருந்தன.

வேனில் திரும்பும்போது, "ஏனுங்கப்பா, சின்னக் காலேஜுதானுங்க" என்றேன்.

"இருக்கட்டும். எத்தன பேரு உன்னையப் பேரு சொல்லிக் கூப்புடறாங்க! ரிக்குல எவனும் என்ற பேரச் சொன்னதில்ல சாமி. ஏய் மதராசிதான்." மூச்சு வாங்கியது. "ஆத்தா நல்ல எடத்துலதான் போட்டுருக்கறா."

அடுத்த புதன்கிழமை அப்பா போய்விட்டார்.

ஒரு நாள் கேட்டேன், ஒரு நாள் கொடுத்தாள். "ஒரு வருசம்னு கேட்டிருக்கக் கூடாதா?" என்று அம்மா இன்றும் அழுகிறார். நானும் அழுகிறேன். ஆனால் அழுவதற்குக்கூட இப்போது அவள் முன்னால்தான் போய் நிற்கிறேன். அதற்குப் பிறகு அடையாள அட்டையைக் காலேஜ் கடைசி நாள்வரை கழுத்திலேயே போட்டிருந்தேன். இன்று ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கே படித்தாய் என்று யாராவது கேட்டால் முழுப் பெயரையும் சொல்கிறேன்.

நம் அம்மனைக் கும்பிடும் பங்காளிகளே, கோபம் இருந்தாலும் அவளிடம் போய்க் கேளுங்கள். கோபத்தோடேயே கேளுங்கள். அவள் பெரிதாக ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டாள். அப்பாவை என் வகுப்பில் உட்கார வைக்க எங்களுக்கு ஆன செலவு, வேனுக்கு டீசலும் சிலிண்டர் வாடகையும் சேர்த்து, ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்.