மேற்கு ஓரத்துக் கட்டங்கள்

எம்.சி.ஏ. முடித்துவிட்டு நான் முதலில் சேர்ந்தது, வெளிநாட்டு ஊர்களின் வரைபடங்களைக் கணினியில் ஏற்றிக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில். மதுரை பைபாஸ் ரோட்டில், டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. இரண்டாயிரத்துக்குப் பிந்திய முதல் சில வருடங்கள் அவை. நாங்கள் யாரும் பார்த்திராத, பார்க்கப்போவதும் இல்லாத ஏதோ ஓர் ஊரின் சாலைகளும் தண்ணீர்க் குழாய்களும் பழைய காகிதப் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டு வரும். அந்தப் பெரிய படத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்துக்கொள்வோம். இந்தத் தொழிலில் அதற்கு டைல் என்று பெயர். எங்கள் ஆபீசில் கட்டம். ஆபரேட்டர்கள் இருபது பேர், பெரும்பாலும் பெண்கள், ஆளுக்குச் சில கட்டங்களை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு கோட்டின் மேலும் மவுஸை இழுத்து வரைந்து முடிப்பார்கள். சாயங்காலம் 'ஒப்படை' என்ற பொத்தானை அழுத்தினால் ஒரு புரோகிராம் ஓடும். வரைந்த கோடு ஒவ்வொன்றும் ஊரில் எந்த இடத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டு, அது எந்தக் கட்டத்தைச் சேர்ந்ததோ அந்த எண்ணுள்ள கோப்பில் கொண்டுபோய்ப் போடும். அந்தப் புரோகிராமை எழுதியவள் நான்.

ஆபரேட்டர்களில் ஒருவரை எல்லோரும் எழுமலை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயது இருக்கும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு. ப்ளஸ் டூ படித்துவிட்டு உசிலம்பட்டியில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர். விடிவதற்குள் எழுமலையில் பஸ் ஏறி, உசிலம்பட்டியில் மாறி, ஆரப்பாளையத்தில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்து எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருப்பார். மாமியாருக்கு அவர் மதுரைக்கு வேலைக்கு வருவதில் விருப்பம் இல்லை. "என்னைக்கு ஒரு பேச்சு வருதோ அன்னைக்கு நிப்பாட்டிரலாம்னு காத்துக்கிட்டு இருக்கு எங்கத்தை" என்று சிரித்தபடி சொல்வார்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்கள் கோட்டைப் பார்த்து வரைவார்கள். அவர் தண்ணீர் எப்படிப் போகும் என்று பார்த்து வரைவார். காகிதத்தில் மை அழிந்து குழாய் பாதியில் நின்றால், "இது இங்க நிக்காதே, மேட்டுல இருந்துல்ல வருது, அந்தப் பக்கம் எங்கயாச்சும் முட்டணும்" என்று முணுமுணுத்துக்கொண்டே தேடுவார். பெரும்பாலும் கண்டுபிடித்தும் விடுவார்.

ஒரு துறைமுக ஊரின் வேலை வந்தது. மேற்கு ஓரத்து வரிசையில் எட்டுக் கட்டங்கள் அவருக்கு. மை மங்கிப்போய் மிகவும் கஷ்டமான பகுதி என்பதால் அவரிடம் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் கண்ணாடி அறையின் கதவைத் தட்டினார்.

"பாப்பா, இந்த ஊருக்கு மட்டும் நம்பருக்கு முன்னாடி ஒரு கோடு போட்டு வருதே. மைனஸா அது? சரிதானா?"

"ஒண்ணும் இல்லக்கா. மேற்கால போனா அப்படித்தான் வரும்" என்றேன். திரையிலிருந்து தலையைத் திருப்பினேனா என்பது நினைவில்லை.

அடுத்த வாரம் மேலாளர் எழுமலை அக்காவைத் தன் மேசைக்குக் கூப்பிட்டார். மேசை கூடத்தின் நடுவில் இருந்தது. அங்கே பேசுவது எல்லோருக்கும் கேட்கும். என்னையும் வரச்சொன்னார். திரையில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து காட்டினார். வெள்ளை. அடுத்தது, அதுவும் வெள்ளை.

"எட்டுக் கட்டம். எட்டும் காலி. நீ முடிச்சிட்டேன்னு ஒப்படைச்சிருக்க."

"போட்டேன் சார். கடக்கரையில இருந்து ஒரு பெரிய குழா மேல ஏறும், நாலு கிளை பிரியும். ஒரு கல்லறைத் தோட்டத்தச் சுத்தி வளைஞ்சு போகும் சார். அத மட்டும் அரை நாள் போட்டேன்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "புரோகிராம்ல ஏதும் இருக்குமாம்மா?"

"இருக்காது சார்" என்றேன். "ரெண்டு வருசமா இதுதான ஓடுது. மத்தவங்க கட்டமெல்லாம் ஒழுங்கா வந்திருக்கே."

நான் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினேன். ஆனால் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நினைப்பே எனக்கு வரவில்லை. என் புரோகிராமா, அந்த அக்காவா என்று ஒரு கேள்வி வந்ததும், யோசிக்காமல் பதில் சொல்லிவிட்டேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று எதிர்பார்ப்பதுபோல் இருந்தது.

"அப்ப நான் பொய் சொல்றேன்னு சொல்றீங்களா சார்?"

"நாளையில இருந்து வர வேணாம்மா" என்றார் மேலாளர்.

அக்கா தன் இடத்துக்குப் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினார். இருபது மவுஸ்களில் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை. உசிலம்பட்டியிலிருந்து அவரோடு ஒரே பஸ்ஸில் வரும் பெண் ஒருத்தி, தலையைக் குனிந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த எட்டுக் கட்டங்களைச் சமயநல்லூரிலிருந்து வரும் இன்னொரு பெண்ணிடம் கொடுத்தார்கள். நாலு நாளில் முடித்து ஒப்படைத்தாள். திறந்து பார்த்தால் எட்டும் காலி. அவள் பயந்துபோய் என்னிடம்தான் ஓடி வந்தாள். "அக்கா, சத்தியமா நான் போட்டேன்க்கா."

ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவ்வளவு சாதாரணத் தப்பு. முந்தைய ஊர்களிலெல்லாம் படத்தின் இடது கீழ் மூலைதான் தொடக்கப் புள்ளி. எல்லா எண்களும் பூஜ்யத்துக்கு மேலேயே இருக்கும். இந்த ஊர்க்காரர்கள் தொடக்கப் புள்ளியைத் துறைமுகத்துக் கோபுரத்தில் வைத்திருந்தார்கள். தெற்கே கடல், வரைய ஒன்றுமில்லை. கிழக்கே போனால் ஒன்று, இரண்டு. மேற்கே போனால் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. ஒரு கோடு எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்க்க என் புரோகிராம் எண்ணின் தசமப் பகுதியை வெட்டி எறியும். கட்டத்துக்கு அதன் மேற்கு ஓரத்து எண்தான் பெயர்; 3.4 என்றால் மூன்றாம் கட்டம். சரி. மேற்கே மைனஸ் 3.4 என்றால் மைனஸ் நான்காம் கட்டத்தில் விழ வேண்டும். வெட்டி எறிந்தால் மைனஸ் மூன்று ஆகிவிடுகிறது. இப்படியே மேற்குப் பக்கம் முழுவதும் ஒரு கட்டம் கிழக்கே தள்ளிப்போய் உட்கார்ந்திருந்தது. இடையில் இருந்த கட்டங்களை அடுத்த கட்டத்துக் கோடுகள் நிரப்பிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைசி வரிசையை நிரப்ப மட்டும் அதற்கு மேற்கே ஒன்றும் இல்லை.

பக்கத்து வரிசையின் கோப்புகளைத் திறந்தேன். சமயநல்லூர்ப் பெண்ணின் கோடுகளுக்கு அடியில் எழுமலை அக்காவின் கோடுகள் இருந்தன. கடற்கரையிலிருந்து ஏறும் பெரிய குழாய், நாலு கிளை. கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிய வளைவு நெருக்கமான சிறு சிறு புள்ளிகளால் எவ்வளவு பொறுமையாகப் போடப்பட்டிருந்தது!

மேலாளரிடம் சொன்னேன். அவர் என் கண்ணாடி அறைக்குள் வந்து கதவைச் சாத்தச் சொன்னார்.

"சரி பண்ணிட்டேல்ல?"

"பண்ணிட்டேன் சார். அந்த அக்காவ…"

"கூப்பிட்டா நம்ம மேல தப்புன்னு ஆயிரும். கஸ்டமர் காதுக்குப் போனா இந்த வேலையே போயிரும். இருபது பேர் இருக்காங்கம்மா. விடு."

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். முனிச்சாலைப் பக்கம் எங்கள் வீடு; வீட்டுக்குள் சௌராஷ்டிரம்தான் பேசுவோம். அம்மா எங்கள் பேச்சில் கேட்ட முதல் கேள்வி, "உன் வேலைக்கு ஒன்றும் ஆகாதே?" என்பதுதான். ஆகாது என்றேன். "அப்புறம் ஏன் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாய்?" என்றாள். பதினோரு நாள் அப்படியே போயிற்று. கூடத்தைக் கடக்கும்போது அந்தக் காலி நாற்காலியைப் பார்க்காமல் போகப் பழகினேன். பிறகு அதில் வேறொருத்தி வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்தது எனக்குக் காலி நாற்காலியைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். எழுமலையில் இறங்கி டீக்கடையில் விசாரித்தேன்.

"மதுரைக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போயிட்டு வந்துச்சே, அந்தப் பொம்பளயா?" என்றார் கடைக்காரர். "ஏதோ திருட்டுல நிப்பாட்டிட்டாகன்னு சொன்னாங்களே."

"திருட்டெல்லாம் இல்லண்ணே" என்றேன். அவர் வழியைக் காட்டிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போனார்.

அக்கா ஊருக்கு வெளியே காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மடி பாதி நிரம்பியிருந்தது. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "வா பாப்பா" என்றார். சிரிக்கவில்லை.

நடந்ததை முழுக்கச் சொன்னேன். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வரவில்லை. வெட்டி எறிந்த தசமம், தள்ளிப்போன கட்டம் எல்லாவற்றையும் குழப்பித்தான் சொன்னேன். ஆனால் அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது.

"அப்ப நான் போட்டது அழியலையா?"

"அழியலக்கா. பக்கத்துக் கட்டத்துல இருக்கு. அந்தக் கல்லறை வளைவுகூட."

"அம்புட்டும் இருக்கா." ஒரு செடியில் வெடித்திருந்த பருத்தியை எடுத்து மடியில் போட்டார். "மைனஸப் பத்தி நான் கேட்டேன்ல?"

"கேட்டீங்கக்கா."

"என்னைய எல்லாரு முன்னாடியும் வச்சுல்ல சொன்னாங்க. நீ காட்டுல வந்து சொல்ற."

அவர் காட்டின் மறுபக்கம் கையைக் காட்டினார். "எங்கத்தை அங்கதான் நிக்குது. முதல்ல அதுக்கிட்ட சொல்லு."

வரப்பில் நடந்து போய் மாமியாரிடம் சொன்னேன். உங்கள் மருமகள் மேல் தப்பே இல்லை, தப்பு என்னுடையது என்றேன். அந்த அம்மா பருத்தி எடுப்பதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

"அதச் சொல்றதுக்கா இம்புட்டுத் தூரம் வந்த? சரித்தா. ஊருக்குள்ள பேசுன பேச்சு பேசுனதுதான? இனி அவள வேலைக்கு விடப்போறதில்ல. நீ வெயில்ல நிக்காத, போ."

திரும்பி வரும்போது அக்கா தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பதினொரு மணி டீ வரும் நேரத்தில் கூடத்தின் நடுவில் போய் நின்றேன். "எழுமலை அக்கா எட்டுக் கட்டத்தையும் போட்டிருந்தாங்க. என் புரோகிராம்லதான் தப்பு. அன்னைக்கு நான் பாக்காமலே தப்பில்லன்னு சொல்லிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. சிலர் என்னைப் பார்த்தார்கள், சிலர் தம்ளரைப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி மவுஸை எடுத்தாள், மற்றவர்களும் எடுத்தார்கள்.

மேலாளர் என்னை என் அறைக்குள் கூட்டிப்போய்ச் சத்தம் போட்டார். என்னையும் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. அந்தப் புரோகிராமைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். தப்புச் செய்த எனக்கு அடுத்த வாரமே இன்னொரு பெரிய ஊரின் வேலையைக் கொடுத்தார்கள். போகிறபோக்கில் மேலாளர், "வேணும்னா அந்தம்மாவ வரச்சொல்லு" என்றும் சொன்னார்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்து மளிகைக் கடையின் ஃபோன் எண் ஆபீஸ் பதிவேட்டில் இருந்தது. கூப்பிட்டுச் சொல்லி வைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே அங்கிருந்து பேசினார்.

"வரச்சொன்னதா சொன்னாங்க பாப்பா. நான் வரல."

"வீட்ல விடலையாக்கா?"

"அதுவும்தான். எனக்கும் மனசில்ல. அங்க வந்து உக்காந்தா திரும்பவும் படி இறங்குறதுதான் ஞாபகம் வரும்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டியாமே. உசிலம்பட்டிப் பிள்ள வந்து சொல்லுச்சு."

"சொல்லிட்டேன்க்கா."

"எல்லாரும் என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். சந்தோஷப்பட்டார்கள், உங்களைக் கேட்டார்கள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே சொல்லல."

"சரி பாப்பா" என்றார். "கடைக்காரரு பாக்குறாரு. வைக்கிறேன்."